வார்டுச் சீட்டில் போடும் ஓட்டு யார் கணக்கில் ஏறுகிறது?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ குழாயில் தண்ணீர் வராமல் நின்றால் முதலில் ஏச்சு வாங்குபவர் வார்டு கவுன்சிலர். மாநகராட்சி ஊழியருக்குக் கட்டளையிட அவரை நடத்தை விதிகளே விடுவதில்லை. ஆனாலும் பெயர் சொல்லி நாம் தோற்கடிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். (சாட்ஸ்வொர்த் ஆர்.கே. கான் மருத்துவமனைக் குறைகளுக்கும் அவரைப் பிடிக்காதீர்கள். அது மாகாணத்தின் பொறுப்பு.)

டர்பன் மாநகராட்சியான எத்தெக்வினியின் மன்றத்தில் 222 இடங்கள். 111 பேர் வார்டுகளிலிருந்தும், 111 பேர் கட்சிப் பட்டியல்களிலிருந்தும் வருகிறார்கள். "கட்சி வேண்டாம், ஆள் நல்லவர்" என்று வார்டுச் சீட்டில் ஒருவருக்கும், கட்சிப் பட்டியலுக்கான மற்ற சீட்டில் வேறு கட்சிக்கும் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஆளின் கட்சியைத் தண்டித்துவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஒரு கட்சிக்கு மொத்தம் எத்தனை இடம் என்று கணக்கிடும்போது, இரண்டு சீட்டிலும் அது வாங்கிய ஓட்டுகளைக் கூட்டுகிறார்கள். அதில் வரும் இடங்களிலிருந்து வார்டில் ஜெயித்தவற்றைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பட்டியலிலிருந்து நிரப்புகிறார்கள். அந்த நல்லவர் தோற்றாலும் உங்கள் ஓட்டு அவர் கட்சிக்கு ஏறிவிடுகிறது. சுயேச்சைக்குப் போட்டது மட்டும் எந்தக் கட்சிக்கும் போகாது.

வார்டு இடம் காலியானால் 90 நாளுக்குள் இடைத்தேர்தல். பட்டியல் இடம் காலியானால் கட்சி அடுத்த ஆளை அனுப்பும், அவ்வளவுதான்.

என்னை அதிகம் உறுத்துவது, மாநகராட்சியின் முடிவுகளை எடுக்கும் செயற்குழு. 2021 தேர்தலில் ஏ.என்.சி.க்கு (ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ்) மன்றத்தில் கிடைத்தவை 96 இடங்கள். பெரும்பான்மைக்கு 112 வேண்டும். குறைந்த 16ஐ யார் தருவது என்பது ஓட்டுப் போட்டு முடிந்த பிறகு கட்சிகள் தங்களுக்குள் பேசித் தீர்க்கிற சங்கதி. ஜொகானஸ்பர்கில் மேயரே தன் குழுவை அமைக்கிறார், ஆகவே பழியும் அவருக்கே. டர்பனிலோ 10 பேர் கொண்ட செயற்குழுவில் பெரிய எதிர்க்கட்சிகளுக்கும் பலத்துக்கேற்ற இடம் உண்டு. இது நியாயமான பங்கீடு என்பவர்களை மதிக்கிறேன், ஆனால் ஏற்கமாட்டேன். உள்ளே உட்கார்ந்து முடிவெடுத்தவர்களே வெளியே வந்து எதிர்க்கட்சியாகப் பேசினால், குழாயடியில் நிற்பவர் யாருக்கு எதிராக ஓட்டுப் போடுவார்?

வரவு செலவுத் திட்ட வரைவை ஜூலை 1க்கு 90 நாள் முன்பே மன்றத்தில் வைத்தாக வேண்டும். அதன்மேல் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்குப் போங்கள். நம் வார்டில் குழாய் மாற்ற எந்த ஆண்டில் எத்தனை ராண்ட் என்று கேளுங்கள். வந்திருக்கும் ஒவ்வொரு கட்சிக்காரரிடமும், போன ஆண்டுத் திட்டத்துக்கு உங்கள் கட்சி ஆதரவாக ஓட்டளித்ததா, எதிர்த்ததா என்று கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள்.