பச்ச டிக்காம், பூஜ்ஜியம் ஃபைண்டிங்ஸாம், வாழ்த்து வேற

ஆபீஸ்ல காசு குடுத்து வாங்குன செக்யூரிட்டி ஸ்கேன் டூல் 'கனெக்டட்'னு பச்ச கலர்ல ஒரு டிக் காட்டுது பாருங்க, அந்த டிக்க வச்சவன் மட்டும் என் கைல கெடச்சான்னா... வேணாம், வாய் நாறிடும்.

கிளவுட் செட்டப்ப கோடா எழுதி வச்சிருக்குற டெர்ராஃபார்ம் ரெப்போவ, அதாவது அந்த கோட் ஃபோல்டர, ஸ்கேன் பண்ணி, கிளவுட்ல எறங்குறதுக்கு முன்னாடியே ஓட்டைய புடிச்சு குடுப்போம்னு தலைல கட்டிட்டு போனாங்க. சரின்னு, எங்க கோட் இருக்குற கிட்ஹப்ல அவங்க ஆப்ப இன்ஸ்டால் பண்ணியாச்சு, ரெப்போ பேரெல்லாம் வரிசையா வந்து நிக்குது, பச்ச டிக், கீழ 'ஜீரோ ஃபைண்டிங்ஸ், கங்க்ராஜுலேஷன்ஸ்', கூடவே கலர் காகிதம் பறக்குது. எந்த ரெப்போவுக்கு இந்த வாழ்த்து? சர்வருக்குள்ள லாகின் பண்ற 22ஆம் போர்ட்ட 0.0.0.0/0க்கு, அதாவது ஊர் உலகத்துக்கே, தொறந்து போட்டு, வேணும்னே டெஸ்டுக்குன்னு வச்சிருக்குற ரெப்போவுக்கு! அதே ஃபோல்டர லேப்டாப்ல செக்கோவ்ங்குற ஓசி ஸ்கேனர வச்சு ஓட்டுனா டீ ஆறுறதுக்குள்ள 'சிகேவி ஏடபிள்யூஎஸ் 24 ஃபெயில்டு'னு, அந்த 22ஆம் போர்ட் ஓட்டையத்தான், செவப்புல கத்துது. காசு குடுத்து வாங்குன தொர மட்டும் ஒன்னுமே இல்லங்குறாரு. இதுல மேனேஜர் அந்த ஜீரோவ பாத்து புல்லரிச்சு போய் ஸ்லைடுல வேற ஏத்திட்டாரு.

சரி டிக்கெட் போடுவோம்னு போட்டேன். மொத பதில், கேஷ் கிளியர் பண்ணிட்டு வேற பிரவுசர்ல பாருங்களாம். ஏன்யா, உன் சர்வர் என் ரெப்போவ படிக்காததுக்கு என் குரோம் என்னய்யா பண்ணும்? அடுத்து ஸ்கிரீன்ஷாட் கேட்டாங்க, அனுப்புனேன். அதே ஸ்கிரீன்ஷாட்ட 'ஃபுல் ஸ்கிரீனா' கேட்டாங்க, அதையும் அனுப்புனேன். அப்புறம், உங்க சைடுலேர்ந்து எங்களுக்கு வெப்ஹூக்கே (ரெப்போல எதாவது நடந்தா கிட்ஹப் தானா அனுப்புற தகவல்) வரலையேன்னு ஒரு குண்டு. கிட்ஹப்ல அனுப்புன கணக்கு இருக்குற ரீசன்ட் டெலிவரீஸ தொறந்தா வரிசையா செவப்பு, எல்லாம் டைம் அவுட். பத்து செகண்டுக்குள்ள பதில் வரலன்னா கிட்ஹப் ஃபெயில்னு குறிச்சிட்டு போயிட்டே இருக்கும், தானா திரும்ப அனுப்பாது. அதாவது நாங்க கதவ தட்டிட்டே இருக்கோம், இவங்க உள்ள உக்காந்துகிட்டு யாருமே வரலங்குறாங்க. இத எழுதி அனுப்புனா அதுக்கு பதில் இல்ல, டக்குனு பேச்ச மாத்தி, 'ஆப் வேணாம், பெர்சனல் ஆக்சஸ் டோக்கன் போட்டு பாருங்க, கிளாசிக் டோக்கன், ரெப்போ ஸ்கோப்'ன்னாங்க. டோக்கன்னா பாஸ்வேர்டு மாதிரி ஒரு சாவி, ஸ்கோப்னா அது எது வரைக்கும் தொறக்கும்ங்குறது. அந்த ஸ்கோப்ல ரைட் பெர்மிஷனும் சேந்தே போகும்னு இவங்களுக்கு தெரியாதா? செக்யூரிட்டி ஸ்கேன் பண்றவங்களுக்கு என் கோட மாத்துற உரிமை எதுக்குங்க? ஆத்தரம் தாங்காம அவங்க டூல்ல அதே டெஸ்ட் ரெப்போவ மட்டும் சேத்து டோக்கன் போட்டும் பாத்தேன், சேம்எல் எஸ்எஸ்ஓ, அதாவது எங்க கம்பெனி லாகின், ஆத்தரைஸ் பண்ணலன்னு 403, அனுமதி இல்லங்குற எர்ரர். எங்க எஸ்எஸ்ஓ டீம் அதுக்கு தனி ஃபார்ம் கேக்கும், அந்த கதைய விடுங்க.

கடைசில அவங்க சப்போர்ட்லேர்ந்து கால் வந்துச்சு. அத சொல்லியே ஆகணும்.

தம்பி ரொம்ப மரியாதையா 'சார், டிஸ்கனெக்ட் குடுங்க'ன்னாரு. குடுத்தேன். 'இப்ப கனெக்ட் குடுங்க.' குடுத்தேன். பச்ச டிக். 'பாத்தீங்களா சார், கனெக்டட்!' குரல்ல அவ்ளோ பெருமை. தம்பி, கனெக்ட் ஆகுது, ஸ்கேன் ஆகல. 'ஆனா சார், கனெக்டட்னு காட்டுதே?' ஆமாப்பா காட்டுது, கீழ ஜீரோன்னும் காட்டுது. 'ஓகே சார், ஒரு தடவ டிஸ்கனெக்ட் குடுங்க.' குடுத்தேன். நானும் மனுஷன்தானே, இந்த தடவ எதாவது மாறும்னு நம்பி குடுத்தேங்க. பச்ச டிக். 'சூப்பர் சார்!' என்ன தம்பி சூப்பர்? கொஞ்ச நேரம் அமைதி, டைப் அடிக்குற சத்தம் மட்டும் வருது, அப்புறம் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி: 'சார், ஒருவேள உங்க கோட்ல நெஜமாவே இஷ்யூ எதுவும் இல்லாம இருக்கலாம் இல்லையா?' செக்கோவ் செவப்ப ஸ்கிரீன்ல காட்டுனேன். 'அது தேர்ட் பார்ட்டி டூல் சார், நாங்க கமென்ட் பண்ண முடியாது.'

அப்புறம் எல்3ன்னு, சப்போர்ட்ல மேல் லெவல் ஆளு, ஒருத்தர் கேமராவ ஆஃப் பண்ணிட்டு உள்ள வந்தாரு. ஹலோ கூட சொல்லல. 'எங்க லாக்ல 403, ரிசோர்ஸ் நாட் ஆக்சஸிபிள் பை இன்டகிரேஷன்னு வருது'ன்னாரு, அதாவது ஆப்புக்கு அத தொட அனுமதி இல்லையாம். வருதா? எப்பலேர்ந்து வருது? மொத நாள்லேர்ந்தே வருதாம்! விஷயம் என்னன்னா அவங்க ஆப் மொதல்ல மெட்டாடேட்டா, அதாவது ரெப்போவ பத்துன மேலோட்ட விவரம், மட்டும்தான் கேட்டிருக்கு, ரெப்போ பேர எடுக்க அது போதும். ஸ்கேன் ஃபீச்சர பின்னாடி சேத்தப்ப உள்ள இருக்குற ஃபைல படிக்குற கன்டென்ட்ஸ் ரீட் பெர்மிஷன புதுசா கேட்டிருக்காங்க, அத ஆர்கனைசேஷன் ஓனர் அப்ரூவ் பண்ற வரைக்கும் பழைய பெர்மிஷன்தான் ஓடும். இது டாகுமென்ட்ல இல்ல, டேஷ்போர்டுல இல்ல, எங்கயும் இல்ல. பேர் வந்தா கனெக்டட், ஃபைல தொறக்க முடியலன்னா ஃபைண்டிங்ஸ் ஜீரோ. படிக்க முடியாத பரீட்ச பேப்பருக்கு நூத்துக்கு நூறு போடுற வாத்தியார இப்பதாங்க பாக்குறேன்.

அந்த 403ய ஸ்கிரீன்ல காட்டித் தொலைச்சா என்னன்னு கேட்டா 'ஒர்க்ஸ் ஆஸ் டிசைன்டு'. ஃபீச்சர் ரிக்வஸ்டா போட்டு ஓட்டு சேக்கணுமாம். டிக்கெட்ட மூடுனாங்க, காரணம் 'கஸ்டமர் கான்ஃபிகரேஷன் இஷ்யூ'. மூடுன கையோட, எங்க சேவை எப்படின்னு பத்துக்கு மார்க் போட சொல்லி ஒரு மெயில்.

ஓனர் அப்ரூவ் குடுத்துட்டாரு, ஸ்கேன் இப்ப ஓடுது, ஃபைண்டிங்ஸ் கொட்டுது. மேனேஜர் ஓடி வந்து 'நேத்து வரைக்கும் ஜீரோவா இருந்துச்சேப்பா, நீ எதையாவது தொட்டியா?'ங்குறாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, நெஜமாவே உக்காந்து சிரிச்சேன், பக்கத்து சீட்டு பொண்ணு பயந்து தண்ணி பாட்டில நீட்டுது.

சரி சாப்புட்டாவது வருவோம்னு கீழ எறங்குனா தயிர் சாதம் தீந்துடுச்சாம். மணி ஒன்னேகால். ஏங்க, ஒன்னேகாலுக்கு தயிர் சாதம் தீந்து போற கேன்டீன் எல்லாம் ஒரு கேன்டீனா?