ஏறியவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர்

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து தெற்கே 300 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டினால் பெம்பர்ட்டன் வரும். விடுமுறைக்கு அந்தப் பக்கம் போய் வந்த நம்மவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். வெளுத்த ராட்சச மரம், அதைச் சுற்றிச் சுற்றி மேலே போகும் இரும்புக் கம்பிகள், நாலாவது கம்பியில் நின்றுகொண்டு சிரிக்கிற முகம். கீழே 'குளோஸ்டர் மரம்' என்று எழுதியிருப்பார்கள். படத்தில் குறையில்லை. எனக்கு அந்தப் பெயரோடுதான் தகராறு.

அந்தக் கம்பி ஏணி சுற்றுலாவுக்காகச் செய்த வேலை இல்லை, காட்டுத்தீயைக் கண்காணிக்கச் செய்தது. மற்ற இடங்களில் மலையுச்சியில் ஒரு கோபுரம் கட்டி ஆளை உட்கார வைத்துவிடலாம். பெம்பர்ட்டன் பக்கம் அதற்குத் தோதான மலையும் இல்லை, காரி என்னும் ராட்சச யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டி உயரும் இரும்புக் கோபுரம் எழுப்பப் பணமும் இல்லை. அதனால் வனத்துறைக்காரர்கள் மரத்தையே கோபுரமாக்கினார்கள். 1937-க்கும் 1952-க்கும் இடையில் இப்படி எட்டு மரங்கள். குளோஸ்டர் மரம் 1947-இல் தயாரானது.

தயாரானது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். முதலில் ஒருவர் ஏறிப் பார்த்து, உச்சியிலிருந்து காடு தெரிகிறதா, மரம் தாங்குமா என்று சொல்ல வேண்டும். ஏறியவர் ஜாக் வாட்சன் என்ற வனத்துறை அலுவலர். காலில் முள் வைத்த பூட்ஸ், இடுப்பில் ஒரு வார், அவ்வளவுதான். நம்மூர்ப் பனையேறி மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார். இந்த மரத்தின் சுற்றளவோ 7 மீட்டருக்கு மேல். வழவழப்பான அடிமரத்தில் சுமார் 40 மீட்டர் வரை கைப்பிடிக்க ஒரு கிளை கிடையாது. அதற்கு மேல் கிளைகள் வந்தால் நிம்மதி என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு கிளையிலும் வாரை அவிழ்த்து அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். ஏறி இறங்க 6 மணி நேரம் ஆனதாம்.

அடுத்து ஜார்ஜ் ரெய்னால்ட்ஸ், கோடரிக்காரர். கிளைகளை வெட்டி, மரத்தில் முளைகளை வரிசையாக அடித்து ஏணி போட்டவர் அவர். யோசித்துப் பாருங்கள், அடுத்த முளையை அடிக்க அவர் நின்றது, தான் சற்றுமுன் அடித்த முளையின் மேல்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது அரசரின் பிரதிநிதியான ஆஸ்திரேலிய கவர்னர் ஜெனரல் பார்வையிட வந்தார். குளோஸ்டர் கோமகன், பிரிட்டன் அரசர் ஆறாம் ஜார்ஜின் தம்பி. வந்தார், பார்த்தார், மரத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள்!

சரி, அது அந்தக் காலத்து ராஜ விசுவாசம் என்று விட்டுவிடலாமா? 1988-இல் அதே வட்டாரத்தில் 75 மீட்டர் உயர மரம் ஒன்றுக்குக் கம்பி அடித்தார்கள், வெள்ளையர் குடியேற்றத்தின் 200-ஆம் ஆண்டு விழாவுக்காக. அதற்கு டேவ் எவன்ஸ் மரம் என்று பெயர். யார் என்று பார்த்தால் அந்தத் தொகுதியின் அப்போதைய சட்டமன்ற உறுப்பினர். பேருந்து நிழற்குடையில் எம்எல்ஏ பெயர் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், நமக்கு இது புதிதா என்ன.

உச்சிக் கூண்டில் உட்கார்ந்தவர்களை யாரும் பேசுவதே இல்லை. கோடை முழுக்க அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புகை தெரிந்தால் திசைமானியில் கோணம் எடுத்துத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஒரு மரத்திலிருந்து திசை மட்டும்தான் கிடைக்கும். வேறொரு கண்காணிப்பு இடத்திலிருந்தும் கோணம் வந்தால், வரைபடத்தில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் தீ. காற்றடிக்கும் நாளில் மரம் ஆடும், கூண்டும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டத்தில்தான் கோணம் எடுக்க வேண்டும். எது மூடுபனி, எது புழுதி, எது புகை என்று பிரிக்கத் தெரியாதவர் அங்கே உட்கார்ந்து பயனில்லை.

எழுபதுகளில் அந்த வேலையை விமானங்கள் எடுத்துக்கொண்டன. 1973-இல் பழைய மரக்கூண்டைப் பிரித்துவிட்டு உலோகத்தில் புதிதாக வைத்தார்கள். பிறகு வந்ததெல்லாம் செல்ஃபி. ஏறியவர்களைக் கேலி செய்யவில்லை. கம்பிகளுக்கு நடுவே குனிந்தால் நேராகத் தரை தெரிந்தது, பக்கவாட்டில் ஒரு கம்பி வலை, இறங்குபவர் எதிரே வந்தால் அதே கம்பியில் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. நானே பாதியில் இறங்கிய ஆள்.

"பெயரில் என்னப்பா இருக்கு, வாட்சன் பெயர்தான் வரலாற்றுக் குறிப்பில் இருக்கே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் இருப்பது கோமகன் பெயர், குழந்தைகள் வாயில் வருவதும் அதுதான். இந்த நாட்டில் பெயர் மாற்றவே முடியாது என்றும் இல்லை. ஏயர்ஸ் ராக் என்று அரசியல்வாதி ஒருவர் பெயரால் நூறாண்டுக்கு மேல் அழைத்த பாறைக்கு 1993-இல் உலுரு என்ற பழங்குடிப் பெயரையும் சேர்த்தார்கள், இப்போது அதுதான் முன்னால் நிற்கிறது. பெம்பர்ட்டனும் நூங்கர் என்ற பழங்குடி மக்களின் நிலம். அவர்கள் மொழியில் ஒரு பெயர் முதலில் வரட்டும், அடுத்து வாட்சன், ரெய்னால்ட்ஸ். கோமகன் பெயரும் வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.