சேர்க்கலாம், ஆனால் தெரிந்து சேர்க்க வேண்டும்

பாலியல் குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கவே கூடாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஏற்காடு அடிவாரத்தில் ஓர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இதை ஏற்க முடியவில்லை. கதவைச் சாத்தினால் குடும்பம் உண்மையை மறைத்துக் கொண்டுவந்து விடும். அதுதான் எனக்குப் பயம்.

அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டைப் பொதுமக்களே பார்க்கலாம். அங்கே இல்லினாய் மாநிலத்தில், பராமரிப்பு இல்லத்தில் சேரும் இப்படிப்பட்டவருக்குத் தனி அறை கட்டாயம். இங்கே 2018-இல் தொடங்கிய தேசியப் பதிவேடு காவல்துறைக்கு மட்டும்தான். சேர்க்கும் முன் இல்லம் கேட்டால், போலீஸ் சொல்ல ஒரு வழி வேண்டும்.

பக்கவாதத்தில் படுத்துவிட்டவரும் நடமாடுபவரும் ஒன்றல்ல. நடமாடுபவர் என்றால் நர்ஸ் மேசைக்கு எதிரிலேயே அறை தரலாம். மறதி நோய் உள்ள பாட்டிகளுக்குத் தங்களுக்கு நடந்ததைச் சொல்லக்கூடத் தெரியாது. அவர்கள் பக்கம் ராத்திரி முழுக்க விழித்திருக்க ஆள் வேண்டும். அப்புறம், பிறந்தநாள் சாப்பாடு போடக் குழந்தைகளோடு வருகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் பாட வருகிறார்கள். இதை யாருமே யோசிப்பதில்லை! அந்த நேரம் முழுவதும் தண்டனை அனுபவித்த அந்த நபருடன் ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும்.

ராத்திரி ஷிஃப்டை ஒரே ஆளை வைத்து ஓட்டும் இல்லங்களால் இது முடியாது. மாவட்ட சமூக நல அலுவலகம் முதலில் அதைப் பார்க்கட்டும்.