வெயில் நாளில் எடுத்தால் எந்த ஓடையும் பாஸ்தான்

மாதம் ஒருமுறை, அதுவும் மழை இல்லாத நாளாகப் பார்த்து, நன்றாக வெயில் ஏறிய பிறகு பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிய வாளியை இறக்கி ஒரு பாட்டில் தண்ணீர் பிடிப்பது. ஓடையில் பாக்டீரியா கலப்பைக் கண்காணிக்கிறோம் என்று சொல்லிப் பல இடங்களில் செய்வது இவ்வளவுதான். வருடக் கடைசியில் பன்னிரண்டு எண்களை வைத்து ஒரு கோடு போட்டு, ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அப்படி ஒரு வரைபடம் போன வாரம் இங்கே சுற்றி வந்தது. நிறைய பேர் சந்தோஷமாகப் பகிர்ந்திருந்தீர்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. தன்னார்வலனாக ஓடையில் இறங்கி மாதிரி எடுக்கிறவன் என்ற முறையில் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்.

முதலில், எதை எண்ணுகிறோம்? நோய்க்கிருமிகளை நேரடியாக யாரும் தேடுவதில்லை. டைஃபாய்டு, வயிற்றுக்கடுப்பு, மஞ்சள் காமாலை, ஜியார்டியா (ஒரு குடல் ஒட்டுண்ணி) என்று பட்டியல் பெரியது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை வேண்டும். தண்ணீரில் அவை இருந்தாலும் கொஞ்சமாக, அவ்வப்போதுதான் இருக்கும், நம் பாட்டிலில் சிக்காமலே போய்விடும். அதனால் மலத்தில் எப்போதும் ஏராளமாக இருக்கிற ஒன்றை எண்ணுகிறார்கள். அதுதான் ஈ.கோலி. தியோடோர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885-இல் விவரித்த பாக்டீரியா, பிற்பாடு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மனிதர், மாடு, நாய், பறவை எல்லோர் குடலிலும் உண்டு. பெரும்பாலான வகைகள் நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் அது தண்ணீரில் இருந்தால், அதே வழியில் வேறு என்னென்ன வந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். நெருப்பில்லாமல் புகையாது என்பார்களே, அந்தக் கணக்கு.

குடிநீர் என்றால் விதி எளிது: 100 மில்லியில் ஒரு ஈ.கோலிகூடத் தென்படக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிக்கிற, நீந்துகிற தண்ணீருக்குத்தான் சிக்கல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-இல் வெளியிட்ட பரிந்துரையில் 100 மில்லிக்கு 126 என்று ஓர் எண் இருக்கிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அது ஒரு பாட்டிலுக்கான வரம்பு கிடையாது, பல மாதிரிகளின் பெருக்குச் சராசரிக்கான வரம்பு. கூடவே இன்னொரு நிபந்தனையும் உண்டு: மாதிரிகளில் பத்து சதவீதத்துக்கு மேல் 410-ஐத் தாண்டக் கூடாது. இந்த இரண்டாவது வரியைப் பல அறிக்கைகள் வசதியாக விட்டுவிடுகின்றன.

பெருக்குச் சராசரி என்றதும் ஓடிவிடாதீர்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது. உதாரணத்துக்கு ஐந்து மாதிரிகள்: 60, 80, 100, 120, 8000. கடைசி எண் மழை பெய்த மறுநாள் காலை எடுத்தது. இவற்றைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 1672. ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுத்தால் 215. பாக்டீரியா எண்ணிக்கை பத்து மடங்கு, நூறு மடங்கு என்று தாவுகிற சமாச்சாரம் என்பதால் இரண்டாவது முறைதான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 215 என்றால் 126-ஐத் தாண்டியாயிற்று, ஓடை ஃபெயில். இப்போது அந்த மழைநாள் பாட்டிலை மட்டும் எடுத்துவிடுங்கள். மீதி நான்கின் பெருக்குச் சராசரி 87. பாஸ்! யாரும் பொய் சொல்லவில்லை, எந்த எண்ணையும் திருத்தவில்லை. மழையில் யாரும் மாதிரி எடுக்கப் போகவில்லை, அவ்வளவுதான்.

மழை ஏன் இவ்வளவு மாற்றுகிறது? கரையில், தெருவில், மேய்ச்சல் நிலத்தில் கிடக்கிற சாணமும் நாய்க் கழிவும் முதல் வெள்ளத்தில் மொத்தமாக ஓடைக்கு வந்து சேரும். மண் ஊறிப்போனால் செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீர் வடிகட்டப்படாமல் கசியும். விரிசல் விட்ட சாக்கடைக் குழாய்களில் மழைநீர் புகுந்து, கொள்ளளவு போதாமல் மேன்ஹோல் வழியாகப் பொங்கும். இவை எல்லோருக்கும் தெரிந்ததே. பலரும் மறந்துவிடுவது ஓடையின் அடிமண்ணை. ஈ.கோலி வண்டலில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மேலே தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும். வெள்ளம் வந்து கலக்கியதும் பழைய பாக்கியெல்லாம் மேலே வரும். வெயில் நாளிலோ இதற்கு நேர்மாறு. ஆழம் குறைந்த தெளிந்த நீரில் சூரிய ஒளி பாக்டீரியாவைக் கொன்றுகொண்டே இருப்பதால், விடியற்காலையில் எடுத்த மாதிரிக்கும் உச்சி வெயிலில் எடுத்த மாதிரிக்கும் நல்ல வித்தியாசம் வரும். ஆக, வறண்ட நாளின் நடுப்பகல் என்பது ஓடை தன் சிறந்த முகத்தைக் காட்டுகிற நேரம்.

‘மழையில் யார் போய்க் குளிக்கப் போகிறார்கள்?’ என்று ஒரு நண்பர் கேட்டார். புதுத் தண்ணீர் வந்தால் முதலில் ஓடுவது பிள்ளைகள்தான். அதுவும் போக, மழை விட்டதும் எண்கள் உடனே இறங்குவதில்லை. 48 முதல் 72 மணி நேரம் வரை தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று பல ஊர்களில் அறிவுறுத்துவது இதனால்தான். வானம் வெளுத்து, வெயில் அடித்து, ஓடை பார்க்க அழகாக இருக்கிற அந்த இரண்டாவது நாளில்தான் கூட்டம் கூடும்.

வறண்ட நாள் மாதிரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அர்த்தம் வரும். மழையே இல்லாத நாளிலும் எண் உயர்ந்து நிற்கிறது என்றால் ஏதோ ஒன்று இடைவிடாமல் ஓடைக்குள் வந்துகொண்டிருக்கிறது: உடைந்த குழாய், மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கொடுத்த கழிவுநீர் இணைப்பு, ஓடையிலேயே படுத்துக் கிடக்கும் மாடுகள். மழைக்கு மட்டும் ஏறுகிறது என்றால் நிலத்தின் மேலிருந்து அடித்து வருவது அதிகம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மாதிரி எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் அலட்சியமாக எடுத்த மாதிரி எடுக்காததைவிட மோசம். கிருமி நீக்கிய பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கொஞ்சம் தூளோ சின்ன மாத்திரையோ இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை அழுக்கு என்று நினைத்து ஓடைத் தண்ணீரிலேயே அலசிக் கொட்டிவிடுவார்கள். அது சோடியம் தயோசல்ஃபேட், தண்ணீரில் குளோரின் இருந்தால் அதைச் செயலிழக்கச் செய்ய வைத்தது. அலசவே கூடாது. கரையோரத்தில் நின்று மொள்ளாமல், தண்ணீர் ஓடுகிற நடுப்பகுதிக்குப் போய், நீரோட்டத்தை எதிர்த்துப் பார்த்து நிற்க வேண்டும். நம் கால் கலக்கிய சேறு நமக்குப் பின்னால் போய்விடும். மூடியின் உள்பக்கத்தைத் தொடாமல், பாட்டிலை மேற்பரப்புக்குக் கீழே அமிழ்த்தி, வாயை நீர் வரும் திசைக்குக் காட்டி நிரப்பி, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளம் ஓடும்போது இறங்கவே கூடாது, நீளக் கழியில் பாட்டிலைக் கட்டிக் கரையிலிருந்தே எடுக்கலாம். பாக்டீரியாவை எண்ணப் போய் ஆளைத் தேட வைக்காதீர்கள். இன்னொன்று, பாலத்துக்கு நேர் அடியில் எடுக்காதீர்கள். அங்கே கூடு கட்டியிருக்கும் பறவைகளின் எச்சமும் உங்கள் எண்ணில் சேர்ந்துவிடும்.

லேபில் நடப்பதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். கோலிலெர்ட் என்ற பொடியைத் தண்ணீரில் கரைத்து, 97 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, ஒட்டி மூடி, 35 டிகிரி இன்குபேட்டரில் 24 மணி நேரம் வைப்பார்கள். வெளியே எடுக்கும்போது கோலிஃபார்ம் (ஈ.கோலியும் அடங்கிய பாக்டீரியாக் கூட்டம்) இருக்கிற குழிகள் மஞ்சளாக மாறியிருக்கும். ஓடைத் தண்ணீரில் பெரும்பாலும் தட்டு முழுக்க மஞ்சளாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், மண்ணிலும் செடிகொடிகளிலும் வாழும் கோலிஃபார்ம்களும் அதில் சேர்த்தி. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டுவார்கள். மஞ்சள் குழிகளில் சில மட்டும் நீலமாக ஒளிரும். அவைதான் ஈ.கோலி. ஒளிர்கிற குழிகளை எண்ணி அட்டவணையைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். நல்ல நாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிரும். மழைக்குப் பிந்தைய தட்டில் இருட்டான குழியைத் தேட வேண்டியிருக்கும்.

97 குழியும் ஒளிர்ந்தால் அறிக்கையில் ‘2419.6-க்கு மேல்’ என்று வரும். அது ஓர் அளவே இல்லை. மூவாயிரமாகவும் இருக்கலாம், மூன்று லட்சமாகவும் இருக்கலாம். மழைநாள் மாதிரியைப் பத்து மடங்காவது நீர்க்கச் செய்து சோதிக்கச் சொல்லி லேபில் முன்கூட்டியே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நமக்கு மிக முக்கியமான நாளில் எண்ணே கிடைக்காது. லேப் வசதி இல்லாத இடங்களுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பிச் சோதனை இருக்கிறது. 1982-இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை. மாசு இருந்தால் குப்பி கறுத்துவிடும். குடிநீருக்காக உருவாக்கியது அது. ஓடையில் எடுத்தால் அநேகமாக எல்லாக் குப்பியும் கறுக்கும், எவ்வளவு என்று சொல்லாது.

சரி, எண் வந்துவிட்டது. அப்புறம்? பெரும்பாலான கண்காணிப்புகள் நின்றுபோகிற இடம் இது. என்னைக் கேட்டால் வேலையே இங்கேதான் தொடங்குகிறது. கீழே எண் அதிகமா, நீரோட்டத்தை எதிர்த்து மேலே நடங்கள். ஓர் இடத்தில் 90, அதற்குக் கீழே அரை கிலோமீட்டரில் 1400 என்றால் நடுவில் எடுங்கள். அந்தப் பாதியிலும் நடுவில் எடுங்கள். கடைசியில் ஒரு குழாய் வாயிலிலோ, மாடு இறங்கும் துறையிலோ, சின்ன வாய்க்கால் வந்து கலக்குமிடத்திலோ போய் நிற்பீர்கள். பல நாளாக மழையே இல்லாதபோது மழைநீர் வடிகாலிலிருந்து தண்ணீர் வடிகிறதா, அதில் சோப்பு வாடை வருகிறதா என்று பார்க்க லேபே தேவையில்லை. சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் சாயம் புற ஊதா ஒளியில் ஒளிரும். சாயம் போடாத பஞ்சை வடிகால் வாயில் சில நாள் கட்டி வைத்துப் பிறகு விளக்கடித்துப் பார்ப்பது பழைய முறை, இன்றும் பயன்படுகிறது.

மலம் மனிதனுடையதா, மாட்டினுடையதா என்று ஈ.கோலி எண்ணிக்கை சொல்லாது. அதற்கு மரபணுச் சோதனை வேண்டும். மனிதக் குடலில் வாழும் பாக்டீராய்டஸ் வகையின் எச்எஃப்183 என்ற அடையாளத்தைத் தேடுவார்கள். இது ஏன் முக்கியம் என்றால், சில இடங்களில் நெருப்பில்லாமலும் புகையும். ஹவாய்த் தீவுகளின் வெப்பமண்டல மண்ணில் ஈ.கோலி கழிவு எதுவும் கலக்காமலே வாழ்ந்து பெருகுகிறது. அதனால் அங்கே கழிவுநீரைக் கண்டுபிடிக்க கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற வேறொரு பாக்டீரியாவையும் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். எனவே அதிக எண்ணைப் பார்த்ததும் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மேல் பழி போட்டுப் பதிவு எழுதாதீர்கள். முதலில் தேடுங்கள்.

ஒருமுறை இப்படித் தேடிப் போய் ஒரு குழாயைக் கண்டுபிடித்து, புகைப்படத்தோடும் எண்களோடும் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனோம். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, ‘எங்கள் மாதிரிப் புள்ளி அந்த இடத்தில் இல்லை சார்’ என்றார்கள். அவர்களுடைய புள்ளி அந்தக் குழாய்க்கு மேற்புறம் இருக்கிறது. அங்கே ஓடை உண்மையிலேயே சுத்தம்தான்.

அடுத்தது, எண்ணை வெளியே சொல்வது. 24 மணி நேரம் கழித்து வருகிற முடிவு நேற்றைய ஓடையைப் பற்றியது. பாக்டீரியாவின் மரபணுவைப் பெருக்கி எண்ணி, சில மணி நேரத்தில் முடிவு தரும் பிசிஆர் முறைகள் வந்திருக்கின்றன, அவை செத்த பாக்டீரியாவின் மரபணுவையும் சேர்த்து எண்ணும், கருவியும் ஆளும் வேண்டும். இருக்கிற முறையிலேயே நாளை சொல்ல முடிந்ததை நாளையே சொல்லலாம் இல்லையா? காலாண்டு அறிக்கைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

‘அதிகமான எண்ணைப் போட்டால் மக்கள் பயந்துவிடுவார்கள்’ என்று எங்கள் குழுவுக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது கனடாவின் வாக்கர்டன் கதையை. 2000 மே மாதம், பெரு மழைக்குப் பிறகு மாட்டுச் சாணத்திலிருந்த ஈ.கோலி ஓ157:எச்7 என்ற கொடிய வகை அந்தச் சிற்றூரின் குடிநீர்க் கிணற்றில் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள், 2300 பேர் அளவில் நோயுற்றார்கள். ஓடையல்ல, கிணறுதான். ஆனால் சோதனை நடக்காமல் இல்லை. தண்ணீர் கெட்டிருக்கிறது என்ற லேப் முடிவு குடிநீர் வாரியத்தின் கைக்கு வந்திருந்தது. சுகாதார அதிகாரிகள் கேட்டபோது தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே பதில் போனது.

அதனால் எங்கள் எண்களை நாங்கள் முடிவு வந்த அன்றே போடுகிறோம். எடுத்த இடம், மணி, அதற்கு முந்தைய மூன்று நாளில் மழை பெய்ததா இல்லையா, ஈ.கோலி எவ்வளவு. நல்ல எண்ணும் அப்படியே, கெட்ட எண்ணும் அப்படியே. சராசரி வேண்டுமென்றால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், பாட்டில் எதையும் விட்டுவிடாமல். அடுத்த மழைக்குக் கழி பிடிக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும், விடியற்காலையில் எழக்கூடியவர்கள் கீழே பெயர் சொல்லுங்கள்.