குற்றம் விளையாட்டின் மேல் மட்டும்தானா?

நாடக ஆசிரியர் ஜெனிஃபர் ஹேலியின் 'நெய்பர்ஹுட் 3' நாடகத்தை வீடியோ கேமுக்கு எதிரான எச்சரிக்கை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2008இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் அரங்கேறிய நாடகம் இது. பிள்ளைகள் ஆடும் திகில் விளையாட்டில் வருவது அவர்கள் குடியிருக்கும் தெருவேதான். சரி, பயங்கரம்தான். ஆனால் எல்லா அப்பாக்களையும் ஒரே நடிகர், எல்லா அம்மாக்களையும் ஒரே நடிகை ஏற்று நடிப்பதைக் கவனியுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அதே முகம், பிள்ளையிடம் பேசத் தெரியாமல் தவிக்கும் அதே பெற்றோர். நாடகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிறுவர்களுக்கு வன்முறை விளையாட்டுகளை விற்கத் தடை விதித்த கலிஃபோர்னியா சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் ரத்து செய்தபோது, அவைதான் பிள்ளைகளை மூர்க்கமாக்குகின்றன என்று ஆய்வுகள் நிரூபிக்கவில்லை என்றது. அதையாவது சேர்த்திருக்கலாம்.