40 சதவீதம் என்பது வேலையிழப்புக் கணக்கு அல்ல

செயற்கை நுண்ணறிவு உலகின் 40 சதவீத வேலைகளைப் பறிக்கும் என்று சிலர் சொல்வது தவறு. சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் சொன்னது, அத்தனை வேலைகள் இதன் தாக்கத்துக்கு உள்ளாகும் என்பதைத்தான். பலன் பெறும் வேலைகளும் அதில் அடக்கம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் உண்மையில் கோட்டை விடுவது அவற்றின் பலனைக் கணக்கிடுவதில். கருவி மிச்சப்படுத்திய நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். அது தந்த விடையைச் சரிபார்த்துத் திருத்த ஆன நேரத்தைக் கழிப்பதில்லை. ஒரே வகைப் பணியைக் கருவியோடும் கருவி இல்லாமலும் சில வாரங்கள் செய்து, பிழை விகிதத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

கடன் மறுப்பு, ஆள்தேர்வு போன்றவற்றில் கருவி சொல்லும் முடிவுக்கு "மனிதர் ஒப்புதல் உண்டு" என்பது மட்டும் போதாது. காரணத்தைப் படிக்க நேரமும் முடிவை மாற்ற அதிகாரமும் இல்லாதவர் போடுவது வெறும் கையெழுத்து. எத்தனை முடிவுகளை அவர் மாற்றினார் என்ற பதிவைக் கேளுங்கள்; மாதக்கணக்கில் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் யாரும் படிக்கவே இல்லை.