மவுஸுக்கு முன்னால் ஒரு படப்புத்தகம்

சென்ற மாதம் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவர்களுடைய மகள் மறுநாள் தேர்வுக்காகக் கணினிப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்த வேண்டும், ஆல் புரோகிராம்ஸுக்குப் போக வேண்டும், அக்சஸரீஸைத் திறக்க வேண்டும், அதற்குள் பெயிண்ட் இருக்கும் என்று எல்லாப் படிகளையும் ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள்.

"பெயிண்ட்ல நீ என்ன கண்ணு வரைஞ்ச?" என்று கேட்டேன்.

"நான் வரையல அத்தை. மிஸ் வரைஞ்சு காட்டுனாங்க, நாங்க பார்த்தோம்."

அவள் ஒப்பித்த வழி விண்டோஸ் 7 காலத்தது. இன்று கடையில் வாங்கும் கணினியில் அந்த வழியே போனால் பெயிண்ட் கிடைக்காது. குழந்தை மீது குற்றமில்லை. ஒரு பாடவேளைக்குள் நாற்பது பிள்ளைகளை நான்கைந்து கணினிகளின் முன் உட்கார வைக்க வேண்டிய ஆசிரியை மீதும் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அந்தப் புத்தகத்தின் மீதுதான். படம் வரைவதைப் பற்றிய பாடத்தில், குழந்தை ஆசையோடு பார்ப்பதற்கு ஒரு படம்கூட இல்லை. திரையின் மேற்பகுதியை அப்படியே நகலெடுத்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள்.

சிறு குழந்தைகளுக்குக் கணினியில் வரையக் கற்பிக்க ஏற்ற பாடநூல் படப்புத்தகம்தான் என்பது, இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளைக் கழித்ததில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம். எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதைக் குழந்தை யாரும் சொல்லாமலேயே ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். ஆனால், ஒரு பக்கத்தில் எதைப் பெரிதாக வைப்பது, எதை ஓரத்தில் ஒதுக்குவது, எவ்வளவு இடத்தை வெறுமையாக விடுவது, எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் நிற்கும் என்பதையெல்லாம் பொத்தான்கள் சொல்லித் தருவதில்லை. அவற்றை நல்ல ஓவியர்கள் வரைந்த பக்கங்களில் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள்.

குழந்தைகளுக்கான வரைகலை மென்பொருளின் வரலாறே இதற்குத் துணை நிற்கிறது. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கிண்டாஷ் கணினியோடு பில் அட்கின்சன் உருவாக்கிய மேக்பெயிண்ட் என்ற வரையும் மென்பொருள் வந்தது. கிரெய்க் ஹிக்மன் என்பவர் தம் மூன்று வயது மகனை அதில் வரைய விட்டுப் பார்த்தபோது, குழந்தையின் கை வரையும் இடத்தைத் தாண்டி, தவறுதலாக மெனுவைத் திறந்துவிடும்போதெல்லாம் அவன் தடுமாறியதைக் கவனித்தார். குழந்தைக்கு வரைவதில் சிரமமே இல்லை, பெரியவர்களுக்காகச் செய்யப்பட்ட சட்டதிட்டங்களில்தான் சிரமம் என்று புரிந்துகொண்டு, குழந்தைகளுக்கு ஏற்றபடி எளிமையாக்கி அவர் எழுதிய கிட் பிக்ஸ் 1989-இல் வெளிவந்தது. 2002-இல் பில் கென்ட்ரிக் தொடங்கிய டக்ஸ் பெயிண்ட் அதே வழியில் வந்த கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள். அது திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் குழந்தை தவறிப்போய் வேறெங்கும் நுழைந்துவிடாது. சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்காது. திறக்கும்போது படங்களையே சிறிதாக்கி வரிசையாகக் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் தன் படத்தைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். தமிழ் இடைமுகமும் உண்டு, பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

மூன்று வயதிலிருந்தே பயன்படுத்தலாம் என்று சொல்லப்படும் இந்த டக்ஸ் பெயிண்ட், தமிழ்நாட்டில் 7-ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஒரு பாடமாக வைக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் பற்றிச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். பாடம் வைத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை; கட்டற்ற மென்பொருளைப் பாடநூலுக்குள் கொண்டுவந்ததே பாராட்டத்தக்கது. ஆனாலும், பால்பற்கள் விழத் தொடங்கும் வயதில் கைக்கு வந்திருக்க வேண்டிய வண்ணப்பெட்டி, பருவத் தேர்வின் வினாத்தாளில் வந்து சேர்வதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

எங்கள் திண்ணையில் இருக்கும் கணினி, 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் அக்காள் மகனுக்குக் கிடைத்தது. விண்டோஸோடு, இந்தியாவில் உருவான கட்டற்ற இயங்குதளமான பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பழைய இயந்திரம்தான், என்றாலும் டக்ஸ் பெயிண்டுக்கு அது தாராளமாகப் போதும். மடிக்கணினியின் தடவுபட்டையில் சிறு விரல்களால் இழுத்து வரைய முடியவில்லை. உள்ளங்கைக்கு அடங்கும் சிறிய மவுஸ் ஒன்றைத் தனியாக வாங்கினேன். பிள்ளைகள் ஐந்து பேர், ஐந்து முதல் எட்டு வயது வரை.

முதல் மூன்று வாரங்கள் நான் கணினியைத் திறக்கவே இல்லை. படப்புத்தகங்களை மட்டும் பரப்பி வைத்தேன். கதையை ஒருமுறை வாசித்து முடித்ததும், ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இந்தப் படத்தை வரைஞ்சவங்க எதை முதல்ல வரைஞ்சிருப்பாங்க?" முதல் நாள் எல்லாரும் முகத்தைக் காட்டினார்கள், ஏனென்றால் அவர்கள் முதலில் வரைவது அதைத்தான். இரண்டாம் வாரம் ஒரு சிறுவன், மரத்தின் அடிப்பகுதி வீட்டுச் சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பதைக் கண்டு, மரத்தைத்தான் முதலில் போட்டிருப்பார்கள் என்றான். இன்னொருத்தி உடனே, "அப்போ மரத்துக்கு முன்னாடியே வானத்தைப் போட்டிருப்பாங்க" என்றாள். டக்ஸ் பெயிண்டில் பெரியவர்களின் மென்பொருள்களில் உள்ளதுபோல் அடுக்குகள் கிடையாது. பின்னால் இருப்பதை முதலில் போட்டால்தான் முன்னால் இருப்பது அதன்மேல் உட்காரும். கணினியில் வரைவதன் மிக முக்கியமான ஒழுங்கை அந்தப் பிள்ளைகள் ஒரு காகிதப் புத்தகத்தைப் பார்த்துத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். நான்காம் வாரம் மடிக்கணினியைத் திறந்தபோது, யாரும் சொல்லாமலேயே முதலில் வானத்தைத்தான் போட்டார்கள்.

வண்ணம் நிரப்பும் கருவி கற்றுக்கொடுத்த பாடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு வீடு வரைந்து, சுவருக்குள் மஞ்சளை ஊற்றினாள். சுவர்க்கோடு கூரையைத் தொடும் இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்திருக்கிறது. மஞ்சள் அதன் வழியே கசிந்து வானம், வயல், சாலை என்று பக்கம் முழுவதும் பரவிவிட்டது. அவள் கண்ணில் நீர் முட்டியது. அவளுடைய பாட்டி அன்று திண்ணையில்தான் இருந்தார். "சிக்குக் கோலத்துல இழை வந்து சேரலைன்னா என்ன சொல்லுவேன் உன்னை? அதேதான் இது, கோட்டைக் கொண்டுபோய்ச் சேரு" என்றார். மூடிய வடிவம் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது. அதன்பிறகு ஒவ்வொரு பிள்ளையும் வண்ணம் ஊற்றுவதற்கு முன்னால் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மவுஸை அழுத்துகிறது. இதற்கு முந்தைய வாரம் நாங்கள் பார்த்த புத்தகத்தில், கறுப்புக் கோடே இல்லாமல் வண்ணத் திட்டுகளால் மட்டும் வீடுகள் வரையப்பட்டிருந்தன. ஒரு சிறுவன் அதை நினைவில் வைத்திருந்து, கோடே போடாமல் தடித்த தூரிகையால் மஞ்சள் சுவரை நேராக வரைந்து காட்டினான். ஒரு சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவது தீர்வு படப்புத்தகத்திலிருந்து வந்தது.

வடிவங்களுக்கும் இதே முறைதான். வண்ணத்தாளைக் கத்தரித்து ஒட்டிய படங்கள் கொண்ட புத்தகங்களை முதலில் காட்டுகிறேன். யானையின் உடல் ஒரு நீள்வட்டம், கால்கள் நான்கு செவ்வகங்கள், காது பாதி வட்டம் என்று பிள்ளைகள் பிரித்துச் சொல்கிறார்கள்; பழைய நாள்காட்டித் தாள்களில் அவற்றை வெட்டி ஒட்டுகிறார்கள்; அதற்குப் பிறகே கணினிக்கு வருகிறோம். டக்ஸ் பெயிண்டில் ஒரு வடிவத்தை இழுத்து விட்டதும் அது மவுஸைப் பின்பற்றிச் சுழலும்; இன்னொரு முறை அழுத்தினால்தான் நிற்கும். முதன்முறை பார்க்கும் குழந்தை திகைத்துப் போகிறது. அமைப்புகளில் சுழற்சியை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. தொடக்கத்தில் நான் நிறுத்தியே வைத்திருந்தேன், பிறகு யானையின் தும்பிக்கை சாய வேண்டும் என்று அவர்களே கேட்ட நாளில் திறந்துவிட்டேன்.

டக்ஸ் பெயிண்டில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. விலங்கு, வண்டி, பழம் என்று ஆயத்தப் படங்களை அச்சுக் குத்துவதுபோல் பக்கத்தில் குத்தும் வசதியைத்தான் சொல்கிறேன். அது இருந்தால் பிள்ளைகள் வரைவதை நிறுத்திவிட்டு நாற்பது வாத்துகளைக் குத்தி மகிழ்கிறார்கள். மகிழட்டும், ஆனால் அது வரைதல் ஆகாது. அந்தப் படத்தொகுப்பைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும் என்பதால், நான் நிறுவாமலே விட்டுவிட்டேன். கோணல் மாணலாக இருந்தாலும் தன் கையால் போட்ட வாத்து ஒன்று போதும் என்பது என் பிடிவாதம். செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ பொத்தான் விஷயத்தில் என் எண்ணம் நேர்மாறானது. அழித்து அழித்துத் தாள் கிழிந்து அழுத ஒரு பிள்ளை, கணினியில் துணிந்து பெரிய கோடுகள் போடத் தொடங்கியதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

சின்னஞ்சிறு பிள்ளைகளைத் திரைக்கு இழுக்கலாமா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. இரண்டு முதல் நான்கு வயது வரையான குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைய இருப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. மென்பொருள் மூன்று வயதுக்கு உகந்தது என்று சொன்னாலும், ஐந்து வயதுக்குக் கீழே நான் மவுஸைக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் ஓர் ஆளுக்கு இருபது நிமிடம்தான். மெழுகு வண்ணக்கட்டியை அழுத்திப் பிடிப்பதில் வரும் விரல் வலிமையும், ஈரச் சாயம் ஒன்றோடொன்று கலந்து புதுநிறம் ஆவதைப் பார்க்கும் வியப்பும் திரையில் கிடைப்பதில்லை. படப்புத்தகத்தை நடுவில் வைத்தால் திரை நேரம் தானாகச் சுருங்குகிறது. ஒன்றரை மணி நேர வகுப்பில் பெரும்பகுதி புத்தகத்திலும் தாளிலும் பேச்சிலும் கழிகிறது.

பக்கத்தில் கேரளத்தில் தொடக்க வகுப்புகளுக்கென்றே 'களிப்பெட்டி' என்ற கணினிப் பாடநூல் இருக்கிறது. விளையாட்டுப் பெட்டி என்று பொருள். கட்டற்ற மென்பொருள்களை வைத்து விளையாட்டு வழியாகவே அதை நடத்துகிறார்கள். நம்மிடம் அதற்கான பொருள் இல்லாமல் இல்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் ஏராளமான படக்கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. ஓவியர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அப்படங்களை அச்சிடலாம், மாற்றலாம், வகுப்பில் பயன்படுத்தலாம். சென்னையிலேயே தாரா, தூலிகா பதிப்பகங்கள் தொண்ணூறுகளிலிருந்து அருமையான படப்புத்தகங்களை வெளியிட்டு வருகின்றன. இல்லாதது, கணினியில் வரைவதையே கதையாக்கிய தமிழ்ப் படப்புத்தகம். ஒரு புத்தகத்துக்கு ஒரு கருவி, ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, மற்றதெல்லாம் படமாக இருக்க வேண்டும். வழிமுறை எதுவும் வேண்டாம், பொத்தானின் பெயரும் வேண்டாம்; கதையை முடித்த குழந்தைக்கு மவுஸைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வந்தால் போதும். ஓவியர்களும் பதிப்பகத்தாரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால் நடந்துவிடக்கூடிய வேலை இது.

யாராவது செய்யட்டும் என்று காத்திருக்க மனமில்லாமல், எங்கள் பிள்ளைகளும் நானும் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். வட்டத்துக்குள் வாழும் ஒரு மஞ்சள், ஒருநாள் கோட்டில் சிறு விரிசலைக் கண்டு வெளியே ஓடிவிடுகிறது, ஊரெல்லாம் மஞ்சளாகிறது, காகம்கூட மஞ்சளாகி அழுகிறது, ஒரு பாட்டி வந்து கோட்டைச் சேர்க்கிறார். பதினோரு பக்கங்கள் முடிந்துவிட்டன. டக்ஸ் பெயிண்டில் சேமித்த படங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்துக் காட்சித் தொடராக ஓட விடலாம் என்பதால், சென்ற சனிக்கிழமை திண்ணைச் சுவரில் சாய்த்து வைத்த மடிக்கணினியில் பக்கம் பக்கமாகப் பெற்றோருக்குக் காட்டினோம். விரிசலை விரலால் காட்டியது நான்கு வயதுத் தம்பி ஒருவன். அவன் இன்னும் மவுஸைத் தொட்டதில்லை.

பன்னிரண்டாம் பக்கத்தில்தான் நின்றுபோயிருக்கிறோம். பாட்டி கோட்டைச் சேர்த்த பிறகு, வெளியே சிந்திய மஞ்சள் திரும்ப உள்ளே வர வேண்டுமா, காகத்தின் மேல் கொஞ்சம் தங்கிவிடலாமா என்பதில் பிள்ளைகள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கதையைச் சொல்லி, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதுங்கள். வரைந்தே அனுப்பினால், தாளிலோ கணினியிலோ எதில் வரைந்திருந்தாலும், வரும் சனிக்கிழமை எங்கள் திண்ணையில் காட்டுகிறேன்.